பலகாரம் சாப்பாட்டில் சேராது

உட்காருங்கள் சார், எழுந்திருக்காதீர்கள். இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. இனிமேல் எழுந்தால் பரிமாறுகிறவர் முகம் சுண்டிப்போகும். நீங்கள் தேடி வந்த மண்டபம் இது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்ணிடம், ‘வைத்தியலிங்கம் சாரோட அறுபதாம் கல்யாணம்தானே?’ என்று கேட்டீர்கள். அவளும் தலையை ஆட்டினாள். அவள் என் மைத்துனி மகள். யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். உங்கள் வைத்தியலிங்கம் இரண்டு மண்டபம் தள்ளி இருப்பார். எங்கும் ஓடிவிட மாட்டார்.

நான் அருணகிரி. எனக்கும் இன்றைக்கு அறுபதாம் கல்யாணம்தான். முகூர்த்த நாளில் திருக்கடையூரில் கல்லை எறிந்தால் ஒரு மாப்பிள்ளை மேல்தான் விழும். எல்லோருக்கும் ஒரே வயது, ஒரே வேட்டி, ஒரே வழுக்கை. வாசல் தவறுவது குற்றமே இல்லை. இட்லி போட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை எப்படிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறீர்கள். நியாயமான சந்தேகம். கலச அபிஷேகம் முடிகிற வரை சாப்பிடக் கூடாது என்று குருக்கள் சொன்னார். சாப்பாடு கூடாது என்றுதான் சொன்னார். பலகாரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நம் வீடுகளில் அமாவாசை ராத்திரி, சனிக்கிழமை ராத்திரி என்ன செய்கிறோம்? சோறு தொடமாட்டோம். இட்லி, தோசை, உப்புமா சாப்பிட்டுவிட்டு விரதம் இருந்தோம் என்கிறோம். பொய்யா அது? இல்லை. பலகாரம் சாப்பாட்டில் சேராது. காலங்காலமாக அப்படித்தான்.

பொங்கலா? வேண்டாம்ப்பா. அது சோற்றுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். சரி, ஒரு கரண்டி வை. மிளகு நிறையப் போட்டிருக்கிறாய், மருந்து என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். அச்சுக்குப் போகும் முன்னால் பிழை திருத்துவது என் தொழில். அதனால்தான் இப்படிப் புத்தகம் மாதிரிப் பேசுகிறேன், மன்னிக்க வேண்டும். உடம்பு இளைக்க வழி சொல்லும் புத்தகங்கள் எங்கள் பதிப்பகத்தில் வரிசையாக வரும். சமையல் புத்தகங்களும் வரும். இரண்டையும் வாங்குகிறவர் ஒரே ஆள்தான் என்பது எங்கள் முதலாளியின் கண்டுபிடிப்பு. ஆக, தமிழ்நாட்டில் தொப்பையைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்தவன் என்று என்னைச் சொல்லலாம். எழுதினவர்களே அப்படிப் படித்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தொப்பை இருந்தது சார். இருந்தது, இறந்தகாலம். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. சட்டை என்று ஒன்றை மனிதன் எதற்குக் கண்டுபிடித்தான்? ஆனால் என் சகலை சபாபதிக்கு இதே ஊரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அவன் ஒல்லி. பிறந்ததிலிருந்து ஒல்லி, அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கலசம் தூக்கித் தரச் சொன்னார்கள் என்று நானும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். போட்டோக்காரன் அந்த நேரம் பார்த்துப் பளிச்சென்று எடுத்துவிட்டான். அதைத்தான் பெரிசாக்கி அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம், ‘மாப்பிள்ளை தெரியுது, பக்கத்துல இருக்கறது சமையல் மாஸ்டரா?’ என்று கேட்கிறார்களாம். அவன் மனைவி, என் மைத்துனி கோமதி, இதை எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். ‘நான் அப்படிச் சிரிச்சேன் அத்தான்’ என்றும் சொன்னாள்.

அன்றைக்கே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் பெயர் தையல்நாயகி, நாயகி என்று கூப்பிடுவேன். ‘எனக்கு இந்த அறுபதாம் கல்யாணம் எல்லாம் வேண்டாம். திறந்த மேனியோடு ஊர் முன்னால் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள என்னால் ஆகாது. நம் தெருப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை போதும்’ என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

‘எனக்குக் கல்யாண போட்டோ இல்லைங்க’ என்றாள்.

அது உண்மைதான். எங்கள் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் கேமராவில் பிலிம் ரோல் போடாமலே அன்று முழுக்கப் படம் எடுத்தார். மாலை மாற்றினோம், எடுத்தார். தாலி கட்டினேன், எடுத்தார். ‘இன்னும் கொஞ்சம் சிரிங்கம்மா’ என்று சொல்லி வேறு எடுத்தார். இவள் எவ்வளவு சிரித்தாள் தெரியுமா? கடைசியில் ஒரு படம்கூட இல்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கிற கல்யாண போட்டோவைத்தான் முதலில் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ‘நல்லா இருக்கு’ என்பாள். எனக்கு அது என்னமோ செய்யும்.

அதனால் இறங்கி வந்தேன். ‘தொப்பை குறைந்தால் செய்துகொள்கிறேன்’ என்றேன்.

‘எப்பக் குறையும்?’

‘எல்லா முறைகளையும் ஆராய்ந்து, எது சரியோ அதைப் பின்பற்றுகிறேன்.’

‘அறுபது முடியறதுக்குள்ள ஆராய்ஞ்சிருவீங்களா?’ என்று கேட்டுவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வடையா? வை, வை. உளுந்துதானே? அரிசி இல்லை. சாருக்கு இரண்டாக வை, வேற்று மண்டபத்து விருந்தாளி.

முதலில் பேலியோ என்கிற முறையை எடுத்தேன். ஆதிமனிதன் குகையில் எதைத் தின்றானோ அதைத்தான் தின்ன வேண்டும். அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாம் தள்ளுபடி. நாங்கள் சைவம். சைவர்களுக்கென்று அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயம் உண்டு. பாதாம், வெண்ணெய், பனீர். குகையில் பனீர் ஏது என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். கேள்விக்குறியை நீக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். போகட்டும். வெண்ணெயில் வதக்கிய பனீரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வெறுமனே எப்படித் தின்பது? ஆசிரியர் குழம்பைத் தடை செய்யவில்லை. குழம்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தனியாக விட முடியுமா?

‘சோறு கூடாதுன்னீங்களே’ என்றாள் நாயகி.

‘பனீருக்குத் தொட்டுக்கொள்ளத்தான் சோறு’ என்றேன். சோற்றுக்குப் பனீர் என்றால் அது பழைய முறை. பனீருக்குச் சோறு என்பது வேறு முறை. இந்த நுட்பம் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு மாதம் செய்தேன். பயன் இல்லை. அந்தப் புத்தகம் ஆதிமனிதனுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

அடுத்து விரத முறை. ராத்திரி சாப்பிட்டால் மறுநாள் மதியம்தான் சாப்பாடு. நடுவில் வயிற்றுக்கு ஓய்வு. வெளிநாட்டில் கண்டுபிடித்தார்களாம். நம் ஆட்கள் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் செய்வதைப் பெயர் மாற்றி நமக்கே விற்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன். இதில் நமக்குப் பயிற்சி வேறு இருக்கிறதே, வெகு உற்சாகமாக ஆரம்பித்தேன். விரத நேரத்தில் சோற்றுப் பருக்கை ஒன்று என் நாக்கில் படவில்லை சார். காலையில் நான்கு இட்லி. வேலைக்கு நடுவே ஒரு ரவா உப்புமா. அவ்வளவுதான். இவ்வளவு சுத்தமாக விரதம் இருந்தும் இடுப்பு கூடியது. அந்த முறையில் எங்கோ அடிப்படைக் கோளாறு.

ஏன் சிரிக்கிறீர்கள்? புரையேறிவிட்டதா? தண்ணீர் குடியுங்கள்.

அந்த விரதப் புத்தகத்தை எழுதின ஆசிரியர் ஒருநாள் பதிப்பகத்துக்கே வந்தார். கொடிக்கம்பம் மாதிரி ஆள். நேரடியாகவே கேட்டேன். ‘உங்களுக்கு எப்போதாவது தொப்பை இருந்ததா?’

‘எங்க பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது சார்’ என்றார் பெருமையாக.

காசிக்கே போகாதவர் காசிக்கு வழிகாட்டி எழுதின கதை! அன்றோடு அவர் புத்தகத்தை ஒதுக்கிவிட்டேன்.

கொள்ளும் சாப்பிட்டுப் பார்த்தேன். கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல். அதன் விளைவுகளைப் பந்தியில் உட்கார்ந்து சொல்லக் கூடாது. பதிப்பகத்தில் என் நாற்காலியைச் சன்னல் ஓரமாக மாற்றிவிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கச் சொல்கிறார்களே, அது நல்ல பானம். ருசியாக இருந்ததால் காபிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குடித்தேன். அதைப் பற்றிக் கருத்து ஒன்றும் இல்லை.

எதைக் கொண்டு அளந்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் அளவுகோல் முக்கியம். எடை பார்க்கும் மெஷினை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது தலை முதல் கால் வரை மொத்தமாகச் சொல்கிறது. என் தலையைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லையே. நான் பயன்படுத்தியது அரைஞாண் கயிறு. பிறந்த குழந்தைக்கு இடுப்பில் கட்டுவது, நம்மில் ஆண்பிள்ளைகள் ஆயுள் முழுக்கக் கட்டியிருப்பது. எப்போதும் உடம்போடு இருக்கிறது, ஒரே அளவில் இருக்கிறது, பொய் சொல்லாது. கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் விரலாவது நுழைவதாவது. கயிறு எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டியிருந்தது.

ஆனியில் மனம் விட்டுப்போயிற்று. ‘நாயகி, இது நடக்காது. மண்டபத்துக்குச் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு’ என்றேன். அவள் சரி என்று சொன்னாள். ஆனால் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் சார் திருப்பம். ஆடிப்பெருக்கன்று நாயகி கோயிலுக்குப் போய்விட்டு ஒரு புதுச் சிவப்புக் கயிறு வாங்கி வந்தாள். என் பழைய கயிறு கறுத்து நைந்திருந்தது. ‘அறுபது நிறையற வருஷம், பழசோட இருக்கக் கூடாதுங்க’ என்று சொல்லி அவளே கட்டிவிட்டாள். முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கட்டும், முன்னால் இருந்தால் உறுத்தும் என்றாள். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு அக்கறை அதிகம். அதே வாரம்தான் நான் சிறுதானிய முறையை ஆரம்பித்தேன். வரகு, சாமை, தினை. அரிசிக்குப் பதிலாக இவற்றைச் சேர்த்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. நானும் சேர்த்துக்கொண்டேன். சோற்றோடு சேர்த்துக்கொண்டேன். வரகு கொஞ்சம் வறட்சி, அதனால் நெய்யும் சேர்த்துக்கொண்டேன்.

நம்ப மாட்டீர்கள். முதல் சனிக்கிழமையே ஒரு விரல் தாராளமாக நுழைந்தது!

சனிக்கிழமைதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். நாயகி கயிற்றை அவிழ்த்துச் சோப்புப் போட்டு அலசி, திரும்பக் கட்டிவிடுவாள். புதுக் கயிறு, சாயம் வேட்டியில் ஏறிவிடக் கூடாதாம். கட்டினதும் நான் அளந்து பார்ப்பேன். ஆவணியில் இரண்டு விரல். புரட்டாசியில் மூன்று. ஐப்பசியில் என் உள்ளங்கையே உள்ளே போயிற்று சார்! ‘நாயகி, இங்கே வந்து பார்’ என்று கத்தினேன். வந்து பார்த்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அங்கே வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை, பாவம்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். பேலியோ, விரதம், கொள்ளு மூன்றும் தோல்வி. சிறுதானியம் வெற்றி. இதை ஒரு புத்தகமாகவே எழுதலாம் என்று முதலாளி சொல்கிறார். அவர் சொல்லும்போது அவரும் சிரிக்கத்தான் செய்தார். இந்தப் புத்தகம் மக்களுக்கு நிறையச் சந்தோஷம் தரும் என்று தோன்றுகிறது.

மறுப்புச் சொல்ல ஆதாரம் இல்லையா என்றால், இருக்கிறது. நான் மறைக்கிற ஆள் இல்லை. சட்டைகள் இறுகின. சோப்புத்தூள் இப்போது எல்லாத் துணியையும் சுருக்குகிறது. தையற்காரர் பட்டன்களைத் தள்ளித் தைத்தார். அவருடைய டேப் என் வயதிருக்கும். நேற்று சென்னையிலிருந்து காரில் வரும்போது சீட் பெல்ட் எட்டவில்லை. டிரைவர் எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை. இப்போது வருகிற கார்களை வெளிநாட்டுக்காரர்கள் அளவுக்குச் செய்கிறார்கள். இவை எல்லாம் வெளியிலிருந்து வரும் சாட்சிகள். கயிறு உள்ளேயே இருந்து பார்த்த சாட்சி. எதை நம்புவீர்கள்?

கேசரி வருகிறது. எனக்கு வேண்டாம்... ரவைதானே? சரி, மங்கல காரியம், ஒரேயடியாக மறுக்கக் கூடாது.

ஆனால் சார், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது பசியால் மட்டும் இல்லை. விடியற்காலையில் கோயில் வாசலில் கஜ பூஜைக்குப் போனோம். யானைக்குப் பூ போட்டு வணங்க வேண்டும். வரிசையில் நின்றோம். அங்கே வந்தான் சபாபதி.

‘என்ன சகலை, கஜ பூஜை முடிஞ்சுதா?’ என்றான்.

‘இன்னும் இல்லை, வரிசை நீளம்’ என்றேன்.

‘எதுக்கு வரிசையில நிக்கறீங்க? ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னால நின்னு பூவப் போட்டாப் போதுமே!’

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். பாகன்கூடச் சிரித்தான். நாயகி மட்டும் சிரிக்கவில்லை. ‘சும்மா இருங்க சபாபதி’ என்று ஒரு அதட்டல் போட்டாள். அவன் அடங்கிவிட்டான். ஆனால் எனக்குள் ஏதோ சரிந்துபோயிற்று சார். கயிறு ஒன்று சொல்கிறது, ஊர் ஒன்று சொல்கிறது. ரூமுக்கு வந்து இந்தச் சால்வையை எடுத்துப் போர்த்தினவன்தான். கார்த்திகைக் குளிர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

குருக்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். கலசம் எல்லாம் நூல் சுற்றித் தயாராக இருக்கிறது. சால்வையோடு உட்காரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ‘அபிஷேகம் போர்வைக்கு இல்லை ஓய், உமக்கு’ என்கிறார். போட்டோக்காரர் கேமராவோடு காத்திருக்கிறார். இப்போதெல்லாம் ரோல் கிடையாது, ஆனாலும் நாயகி அவரிடம் காலையிலிருந்து மூன்று தடவை, ‘எல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா தம்பி?’ என்று கேட்டுவிட்டாள். அவள் பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து மணை காலியாக இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். போய் உட்காரத்தான் வேண்டும், தெரிகிறது. கால் வரமாட்டேன் என்கிறது. இன்னொரு வடை சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம், இன்னொரு காபி குடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். கோயிலில் மாலையை மட்டும் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை.

அதனால்தான் நீங்கள் வந்து உட்கார்ந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இங்கே இருக்கிற அத்தனை பேரும் உறவு. ஒன்று, மனசு நோகுமே என்று பொய் சொல்வார்கள். இல்லை, மனசு நோகட்டும் என்று பொய் சொல்வார்கள். நீங்கள் யாரோ. உங்களுக்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வைத்தியலிங்கத்தைப் பார்க்கப் போய்விடுவீர்கள். பாரபட்சம் இல்லாத சாட்சி எனக்கு இந்த மண்டபத்தில் நீங்கள் ஒருவர்தான்.

கொஞ்சம் இப்படித் திரும்புங்கள். வரிசையில் எல்லோரும் கேசரியில் கவனமாக இருக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை. இதோ, சால்வையை விலக்குகிறேன். மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, பாருங்கள், சாதாரணமாகத்தான் இருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். அவசரம் இல்லை.

இருக்கிறதா, இல்லையா?

ஏன் சார், என்னைப் பார்க்கச் சொன்னால் என் தலைக்கு மேலே பார்க்கிறீர்கள்? பின்னால் என்ன இருக்கிறது?

அட, நாயகியா? நீ எப்போது வந்தாய்? மணையை விட்டு எழுந்து வரலாமா? எதற்குக் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறாய், சாருக்கு வணக்கமா? நல்லது. இவர் வாசல் தவறி நம் பந்திக்கு வந்துவிட்டார். கொஞ்சம் இரு, ஒரு முக்கியமான கேள்வி கேட்டிருக்கிறேன்.

சொல்லுங்கள் சார். தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், நாதஸ்வரத்தில் கேட்கவில்லை.

தெரியவே இல்லையா? சொல்லாவிட்டால் இருந்ததென்றே நம்ப முடியாதா?

கேட்டாயா நாயகி! யாரோ எவரோ, நம்மோடு ஒரு பேச்சுவார்த்தை இல்லாதவர், அவர் வாயால் சொல்கிறார். கூப்பிடு சபாபதியை. இல்லை, வேண்டாம், அவன் போட்டோவிலேயே பார்த்துக்கொள்ளட்டும். குருக்களிடம் நான் வருகிறேன் என்று சொல்லச் சொல். இந்தச் சால்வையை நீ வைத்துக்கொள். சார், இலையை மூடிவிட்டு நீங்களும் வாருங்கள், தாலி கட்டுகிறதைப் பார்த்துவிட்டுப் போகலாம், உங்கள் வைத்தியலிங்கத்துக்கு இன்னும் நேரம் இருக்கும்.

நட, போகலாம். அந்தத் தம்பியைத் தயாராக இருக்கச் சொல்.

என்ன நாயகி, இப்போது போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு? மை எல்லாம் கலைகிறது பார். அழாதே. இருக்கிறது என்றா சொன்னார்? இல்லை என்றுதானே சொன்னார்.